பக்கத்துப் பாத்தி மண்

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். கலாதேவி மீன்காரரின் கையையும் பார்ப்பாள். தராசுக்குப் பக்கத்தில் அந்தக் கை எங்கே நிற்கிறது, எப்போது விலகுகிறது என்று கவனித்த பிறகுதான் பையை நீட்டுவாள். சுங்கை சிப்புட் பாசாரில் அவளைத் தெரிந்தவர்கள் அவள் வருவதைக் கண்டதுமே இரண்டு கையையும் மேலே தூக்கிவிடுவார்கள். "பாத்துக்கக்கா, கை இங்க இருக்குலா" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே தராசு முள்ளையும் பார்த்துக்கொள்வாள்.

இந்தக் கண் அவளுக்குப் பால் நிறுக்கும் இடத்தில் வந்தது. அவளுடைய அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வாளி தூக்கிப் போகும் கலாதேவி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாய் சொல்லும் எண்ணையும் தராசு முள் நிற்கும் இடத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போன நாள்கள் குறைவு. கேட்டால், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பார்கள். பிறகு தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. லயத்து வரிசை வீட்டுக் குடும்பங்களை ஆபீஸ் முன்னால் நிற்கவைத்து, வீடு கட்டித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றது நிர்வாகம். "அதுல என்னாப்பா எழுதியிருக்கு?" என்று அவள் கேட்டதற்கு, பெரியவர்கள் பேசுமிடத்தில் உனக்கென்ன வேலை என்று அப்பா அதட்டினார். வீடு வரவில்லை. அதற்குப் பிறகு கலாதேவி எதையும் கேட்காமல் விட்டதில்லை.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை லோரி ஓட்டுகிறார் என்றார்கள். காப்பித் தட்டை நீட்டிய கையோடு, "லைசென்ஸ் இருக்கா, பாக்கலாமா?" என்று கேட்டாள். கூடத்தில் இருந்தவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. மாப்பிள்ளை சுகுமாரன் மட்டும் சிரித்துக்கொண்டே பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அது எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அப்பவே எனக்குத் தெரியும்லா, போலீஸ் ஸ்டேசன்ல பொண்ணெடுக்குறோம்னு" என்று இன்றும் அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் நேர்மாறான ஆள். யார் என்ன சொன்னாலும் நம்புவார். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய தோட்டத்து முனியாண்டி சாமியிடம் கேட்டுக்கொள்வார். லோரிக்குப் புது டயர் மாட்டினாலும் சரி, மகள் பரீட்சைக்குப் போனாலும் சரி, அங்கே போய் வராமல் அவருக்கு எதுவும் தொடங்காது.

அந்த மகள்தான் தினேஸ்வரி. இரண்டு பக்கக் குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள். படித்தது உயிரியல், வேலை பார்ப்பது ஈப்போவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில். படித்ததற்கும் செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், தானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வாள்.

கலாதேவி பல வருடம் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தாள். மணிக்கட்டு வலி தாங்காமல் நின்ற பிறகு, சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு நிலத்தை வாடகைக்கு எடுத்து மிளகாயும் வெண்டையும் போட்டாள். அதுவும் ஒரு காலத்தில் ரப்பர் காடுதான். மரங்களைத் தள்ளிவிட்டுப் பெரும் பகுதியில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட நிலத்துக்காரர், ரோட்டோரம் மிஞ்சியதை இப்படிப் பிரித்து விட்டிருந்தார். பக்கத்து நிலம் சவரிநாதனுக்கும் அவர் மனைவி எல்ஸிக்கும். இவர்களும் வேறொரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். எல்ஸி சமைத்த குழம்பு வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வரும், கலாதேவியின் வாழைப்பூ அந்தப் பக்கம் போகும். இருவர் காய்கறியையும் சவரிநாதன்தான் தன் வேனில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோவார்.

நிலத்தை வைத்திருப்பதில் மட்டும் இரு வீட்டுக்கும் ஒத்துவராது. கலாதேவி பாத்திகளுக்கு நடுவே ஒரு புல் நிற்க விடமாட்டாள். மருந்தடித்து, காய்ந்ததை வாரிக் குவித்து, வாரம் தவறாமல் எரிப்பாள். காட்டில் புல் கிடந்தால் மண்டோரிடம் திட்டு வாங்கிய வீட்டுப் பிள்ளை அவள். சவரிநாதன் புல்லை வெட்டி, வெட்டியதை அப்படியே மிளகாய்ச் செடியின் காலடியில் போட்டுவிடுவார். "அந்தண்ணனுக்கு வேல செய்ய வளையாது" என்று அவள் சுகுமாரனிடம் சொல்வாள்.

முதலிரண்டு வருடம் மிளகாய் நன்றாகத்தான் காய்த்தது. பிறகு ஒரு நடவில் செடிகள் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டன. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலையின் மற்ற இடமெல்லாம் மஞ்சள் பூத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் நீளாமல் குட்டையாகத் தடித்துக் கிடந்தது. உரம் போதவில்லை என்று நினைத்து யூரியாவைக் கூட்டினாள். செடி இன்னும் சுருங்கியது. உரக் கடைக்காரர் மூட்டையில் எதையோ கலந்திருக்கிறார் என்று சந்தேகப்பட்டு, ஈப்போவுக்கே போய் வேறு கடையில் வாங்கினாள். அதுவும் பலிக்கவில்லை.

தினேஸ்வரிதான் மண்ணைச் சோதிக்கச் சொன்னாள். ஈப்போவில் அதற்கு ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. "ஒரே எடத்துல தோண்டாதம்மா. கொல்லை முழுக்க வளைஞ்சு வளைஞ்சு போயி, பல எடத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒண்ணாக் கலக்கணும். நிழல்ல காயவச்சு, அதுல அரைக் கிலோ." கலாதேவி சொன்னதைச் சொன்னபடி செய்தாள். வேரையும் கல்லையும் பொறுக்கினாள், சல்லடையில் சலித்தாள். மாவு மாதிரி இருந்த மண்ணைப் பையில் கட்டி, அழியாத மையில் தன் பெயரை எழுதினாள். அதைக் கண்ட சவரிநாதனும் தன் மண்ணை எடுத்தார். அடுத்த வாரம் காய்கறியோடு இரண்டு பைகளும் அவர் வேனில் போயின.

முடிவு வாட்ஸ்அப்பில் வந்தது. சவரிநாதனின் மண் கடும் புளிப்பு, நிறைய சுண்ணாம்பு போட வேண்டும் என்றிருந்தது. கலாதேவியின் மண்ணில் புளிப்பே இல்லை. மிளகாய்க்கு ஏற்ற மண், சுண்ணாம்பு தேவையில்லை என்றிருந்தது.

"நீ குடுத்து வச்சவ கலா" என்றார் சவரிநாதன். "நான்தான் மூட்டை தூக்கிச் சாகணும்."

அவள் வாழ்க்கையில் எடை பார்க்காமல் நம்பியது அந்த ஒரு முடிவைத்தான். மகள் சொன்ன இடம், மெஷின் சொன்ன எண். மண்ணில் குறையில்லை என்றால் குறை நாற்றில் இருக்க வேண்டும். நாற்றை மாற்றி நட்டாள். சவரிநாதன் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கொட்டிக் கொத்திவிட்டு, மண்ணைச் சில வாரம் சும்மா விட்டு, பிறகு நட்டார்.

அந்த நடவில் கலாதேவியின் மிளகாய் முன்னைவிட மோசமாகப் போனது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சவரிநாதனின் செடிகள் இடுப்புக்கு வந்து, காய் பாரத்தில் சாய்ந்து நின்றன.

"போதும் கலா" என்றார் சுகுமாரன். "இன்னும் ஒரு தடவ நட்டுப் பாரு. அதுவும் போச்சுன்னா நெலத்த விட்டுடுவோம். ஃபேக்டரில திரும்பக் கூப்புடுறாங்கன்னு நீயே சொன்னல்ல."

அவள் சரியென்றாள். சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை. கொட்டகையில் மூன்றாம் முறைக்கான நாற்றுகளைத் தட்டுகளில் போட்டாள். ஷிப்டு பஸ்ஸின் படியும், கையுறை காயும் அந்த வாடையும் அவளுக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. இங்கே வந்த பிறகு அவளை யாரும் மணி பார்த்து வேலை வாங்குவதில்லை. இந்த நாற்று பிழைத்தால் நிலம், இல்லாவிட்டால் தொழிற்சாலை.

நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த எண்ணம் வந்தது. வந்ததும், ஏன் இத்தனை நாள் வராமல் இருந்தது என்று தன்மீதே கோபப்பட்டாள். இரண்டு நிலமும் ஒரே ரப்பர் காடு. ஒரே தோட்டம், ஒரே காலத்தில் தள்ளிய மரங்கள். நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால். அந்தப் பக்கம் கடும் புளிப்பு, இந்தப் பக்கம் புளிப்பே இல்லை என்றால் எப்படி? இரண்டு பைகளையும் கொண்டுபோனது யார்?

மாற்றியிருக்கிறார்.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் அதற்குச் சாட்சியாக வந்து நின்றது. 'நீ குடுத்து வச்சவ' என்றபோது சவரிநாதன் அவள் முகத்தைப் பார்த்தாரா, போனைப் பார்த்தாரா? போனைத்தான். எல்ஸி போன வாரம் ஒரு பை நிறைய மிளகாய் கொடுத்து அனுப்பினாள். எதற்கு? குற்ற உணர்ச்சியா, இல்லை, பார் எப்படிக் காய்த்திருக்கிறது என்று காட்டவா? இந்தப் பக்கம் நிலம் காலியானால் முதலில் கேட்கப்போவது யார்? பழைய வாய்க்காலை மூடிவிட்டால் இரண்டும் ஒரே நிலம். மருமகன் வேலையில்லாமல் இருக்கிறான் என்று எல்ஸி ஒருநாள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஏன் அதைத் தன்னிடம் சொன்னாள்?

தினேஸ்வரியிடம் போனில் சொன்னாள்.

"சும்மா இரும்மா. பைய மாத்தி அவருக்கு என்னா கெடைக்கும்? அவரோட நல்ல மண்ணுல சுண்ணாம்ப கொட்டிக் கெடுத்துக்குவாரா?"

"நல்ல மண்ணுதான் அவருக்கு. சும்மா கொட்டுற மாதிரி கொட்டியிருப்பாரு."

"மூட்டைய நாமதானம்மா பார்த்தோம்."

"மூட்டையத்தான் பார்த்தோம். உள்ள என்னா இருந்துச்சுன்னு பார்த்தோமா?"

"அப்ப ரெண்டும் எப்படி வேற வேறயா வந்துச்சு?" என்று மகள் கேட்டபோது, அவளும் விடை கிடைக்காமல் தவிப்பது குரலில் தெரிந்தது. "எனக்கும் தெரியலம்மா. நான் படிச்சது இந்த மண்ணு இல்ல."

கலாதேவிக்குத் தேவைப்பட்டது ஒரு கரண்டி மண். தன் மண்ணையும் பக்கத்துப் பாத்தி மண்ணையும் தானே எடுத்து, வேறு பெயர்கள் போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாம் வெளியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சவரிநாதனின் வேன் பூசைக்குப் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. சுகுமாரன் கொல்லையின் மறுகோடியில் உடைந்த குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலைத் தாண்டினாள். அந்தப் பாத்திகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெட்டிப் போட்ட புல் மக்கிப்போய், கால் வைத்தால் மெத்தென்று அமுங்கியது. புல்லை விலக்கினால் அடியில் மண்புழு நெளிந்தது. இதையும் மனதில் குறித்துக்கொண்டாள். புளித்த மண்ணில் புழு இருக்குமா? அங்கங்கே கரண்டியை இறக்கி எடுத்துப் பையில் போட்டபடி நகர்ந்தாள்.

"யாரு அது?"

எல்ஸி பின்வாசலில் நின்றாள். கால் வீக்கத்தால் அன்று பூசைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். ஒரு கையில் செபமாலை, ஒரு கை கதவில்.

"நான்தான்க்கா."

"கலாவா? என்னா பண்ற அங்க?"

"சும்மாக்கா."

"சும்மாவா? பையில என்னா?"

"மண்ணு."

எல்ஸி காலை இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பாத்தியோரம் வந்து குனிந்து பார்த்தாள். கலாதேவி கடைசியாகத் தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே சவரிநாதனின் பூட்ஸ் தடம் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது.

"காலடி மண்ணு எடுக்கிறியா?"

"அக்கா!"

"போன மாசம் அவருக்கு இடுப்புப் புடிச்சு எந்திரிக்கவே முடியல. என் காலு பாரு, யானைக் காலு மாதிரி. கிளினிக்குல ஒண்ணும் இல்லன்னு சொல்றான். இப்பல்ல தெரியுது!"

"அக்கா, என்னா பேசுற நீ? செய்வினை செய்றவளா நானு? எத்தன வருஷமா பாக்குற?"

"அதான் நானும் கேக்குறேன். எத்தன வருஷமா சோத்த போட்டேன். வேற எதுக்கு எடுக்கிற? திருடுறதுக்கு மண்ணு ஒரு பொருளா?"

உண்மையைச் சொன்னால் இதைவிட அசிங்கமாக இருக்கும் என்பது கலாதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் எல்ஸி சத்தத்தை நிறுத்தவில்லை. மாதாவே, மாதாவே என்று அவள் போட்ட கூச்சலில் சுகுமாரன் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் சவரிநாதனின் வேனும் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையோடு இறங்கியவர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ உங்க காலடி மண்ண எடுத்துட்டா" என்றாள் எல்ஸி.

"காலடி மண்ணு இல்லண்ணே" என்றாள் கலாதேவி. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "பைய மாத்துனீங்களா இல்லயான்னு பாக்கத்தான் எடுத்தேன்."

"எந்தப் பைய?"

சொன்னாள். ஒரே காடு, ஒரு வாய்க்கால், இரண்டு முடிவு, அவருடைய வேன். மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தபோது கல் மாதிரி இருந்தது. வெயிலில் நின்று அவர் முகத்துக்கு நேரே சொல்லும்போது ஒவ்வொன்றாகப் பொடிந்தது. மருமகனைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட்டாள்.

சவரிநாதன் கோபப்படவில்லை. வேன் படியில் உட்கார்ந்தார். "காய்கறி மேல விழுந்து கிழிஞ்சிடக் கூடாதுன்னு உன் பைய முன்னால சீட்டுல வச்சு எடுத்துட்டுப் போனேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சுகுமாரனுக்குத் தாங்கவில்லை. "மச்சான், அவ சொல்றத மனசுல வச்சுக்காத. உனக்கு அந்தப் புத்தி கெடையாதுன்னு எனக்குத் தெரியும். அதோட எங்க பைய யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. முனியாண்டி காலடில வச்சு எடுத்தது."

"என்னாது?" என்றாள் கலாதேவி.

"அனுப்புறதுக்கு முன்னாடி வெள்ளிக்கெழம கோயிலுக்கு எடுத்துட்டுப் போனேன்லா."

"என்கிட்ட சொல்லவே இல்ல?"

"இதையெல்லாம் சொல்லுவாங்களா? பூசாரி நல்லா பூச பண்ணாரு. ஒரு கை திருநீறு அள்ளி உள்ளாறயே போட்டாரு."

"மண்ணுலயா?"

"மண்ணுலதான். ஒரே எடத்துல கெடக்குதேன்னு நான்தான் பையக் கட்டி நல்லாக் குலுக்கிவிட்டேன். எல்லாப் பக்கமும் படட்டும்னு."

சவரிநாதன் மெல்லத் தலையைத் தூக்கினார். கலாதேவி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, அப்பா செய்ததைச் சொன்னாள்.

"அப்பா" என்றாள் தினேஸ்வரி. "திருநீறு சாம்பல்தானப்பா. சாம்பலும் சுண்ணாம்பு மாதிரிதான், மண்ணோட புளிப்ப எடுத்துடும். நீங்க அந்த அரைக் கிலோ மண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துட்டு, அப்புறமா டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கீங்க."

"அவ்ளோ சக்தியா அதுக்கு?" என்று கேட்டது எல்ஸி. கையிலிருந்த செபமாலை அப்படியே நின்றது. "அப்ப கொல்லை முழுக்கத் திருநீறயே போட்டுட்டா என்னா?"

"கோயில்ல அவ்ளோ இருக்காது ஆண்ட்டி."

சவரிநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சுகுமாரன் தலையைக் குனிந்துகொண்டார். எல்ஸி சிரிக்கவில்லை. அவள் கண் கலாதேவியின் கையிலிருந்த பைமேலேயே இருந்தது. "மொதல்ல அதக் கொட்டு" என்றாள். கலாதேவி எடுத்த மண்ணையெல்லாம் எடுத்த பாத்தியிலேயே கொட்டினாள். பையை உதறியும் காட்டினாள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனம் மறுபடியும் தராசைத் தூக்கியது. சாம்பல் கதை சரியாகத்தான் தெரிந்தது. அதனாலேயே அவளுக்கு அது சரிப்படவில்லை. இந்த மனிதர் உண்மையிலேயே கோயிலுக்குப் போனாரா, இல்லை சண்டையை அமர்த்த அந்த இடத்தில் ஒரு கதை கட்டினாரா? பூசாரியிடம் போய்க் கேட்டாள். பூசாரி ஆமென்றார். அதோடு, அந்தப் பலனில்தான் முடிவு அவ்வளவு நன்றாக வந்தது என்று நம்பிக்கொண்டிருந்தார். எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சவரிநாதன் அடுத்த முறை ஈப்போ போகும்போது அவளையும் கூப்பிட்டார். "நீயே மண்ணெடு, நீயே கட்டு, நீயே மடியில வச்சுக்க. நான் அந்தப் பக்கமே திரும்பல, ரோட்டப் பார்த்து ஓட்டுறேன், சரியா?" அதில் கேலி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. வழி முழுக்கப் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சுண்ணாம்புக் குன்றுகள் இருபுறமும் வந்து வந்து போயின.

ஆய்வுக்கூடத்துக் கவுண்டரில் இருந்த இளம்பெண் பையைத் திறந்து, மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டாள். "புல்லை எரிக்கிறீங்களாக்கா?"

கலாதேவி சட்டென்று சவரிநாதன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னீங்களா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? உன் பக்கத்துலதான நிக்கிறேன்!"

அந்தப் பெண் சிரித்தாள். கரித்துணுக்கு கிடக்கிறது, மக்கிய சருகின் சுவடே இல்லையே என்றாள். எரித்தால் கொஞ்சம் சாம்பல்தான் மிஞ்சும், மண்ணுக்குப் போக வேண்டிய மற்றதெல்லாம் புகையாகப் போய்விடும், வெட்டியதை அப்படியே போட்டுவிடுங்கள் என்றாள். கலாதேவி தலையாட்டினாள். வேனில் ஏறிய பிறகும் சவரிநாதன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முடிவு வந்தது. சவரிநாதனின் பழைய மண்ணைவிட அவளுடையது இன்னும் புளித்திருந்தது. இத்தனை வருடமாக யூரியாவைக் கொட்டக் கொட்டப் புளிப்பு ஏறியிருக்கிறது என்று தினேஸ்வரி விளக்கினாள். செடி வாடியபோதெல்லாம் அவள் கூட்டியது அதைத்தான். சுண்ணாம்பு போட்டுக் கொத்தி, மண்ணோடு சேர்வதற்குச் சில வாரம் விட வேண்டும். அதற்கு முன் நட்டால் வேர் மறுபடியும் குட்டையாகத்தான் போகும்.

கொட்டகையில் நாற்றுகள் தட்டை நிறைத்து நின்றன. ஒன்றை இழுத்துப் பார்த்தாள். வேர் இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தது. இவை சில வாரம் தாங்காது. நட்டாலும் போகும், நடாவிட்டாலும் போகும். சுகுமாரன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொன்ன சொல்லை அவர் நினைவுபடுத்தவும் இல்லை. சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, "போடவா, வேணாமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சவரிநாதன் பயறு போடுவதற்காக நான்கைந்து பாத்திகளைத் தயார் செய்து வைத்திருந்தார். சுண்ணாம்பு ஏறி ஒரு பருவம் கண்ட மண்.

கலாதேவி இந்த முறை வாய்க்காலைத் தாண்டவில்லை. ரோட்டு வழியாகச் சுற்றிப் போய் முன்வாசலில் நின்று கூப்பிட்டாள். சவரிநாதன் எட்டிப் பார்த்தார்.

"நாத்து நிக்குதுண்ணே. உங்க பாத்தியில நடட்டுமா? காய்க்கிறதுல பாதி உங்களுக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ள கேளு" என்று அவர் விலகிக்கொண்டார்.

எல்ஸி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குழம்பு வந்திருக்கவில்லை.

"காலு எப்படி இருக்குக்கா?"

"நீ பாத்துட்டியே, அப்படியேதான் இருக்கு."

"நான் செஞ்சது தப்புதான்க்கா."

"எது? திருடுனதா, எங்கள திருடன்னு நெனச்சதா?"

கலாதேவி யோசித்தாள். "ரெண்டும்தான்."

"மொத மொத வாயத் திறந்து ஒத்துக்கிட்ட" என்றாள் எல்ஸி. கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "நட்டுக்க. ஆனா ஒண்ணு. நான் இல்லாதப்ப பாத்தில கால் வைக்கக் கூடாது. தண்ணி ஊத்தணும்னாலும் என்னக் கூப்புடணும்."

மறுநாள் சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு நட ஆரம்பித்தார்கள். எல்ஸி பிளாஸ்டிக் நாற்காலியைப் பாத்தியின் தலைமாட்டில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். சவரிநாதன் குழி எடுத்தார், கலாதேவி நாற்றை வைத்து அமுக்கினாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுகுமாரன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு சுண்ணாம்பைத் தூவிக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவர் தூவுவது ஒரே சீராக விழுகிறதா என்று கண் போனது. ஒரு மூலையில் குறைவாக விழுந்த மாதிரி தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அண்ணே, இந்த வரிசைக்கு மத்தியானத்துல நெழல் விழுமே?"

"விழாதும்மா."

"செம்பனை அங்க நிக்குதே."

"நாளைக்கு மத்தியானம் வந்து பாத்துக்க. எல்ஸியக் கூப்புட்டுட்டு."

கடைசித் தட்டும் காலியானபோது கலாதேவியின் விரல்களெல்லாம் மண். முதுகை நிமிர்த்தி, தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"கலா" என்று நாற்காலியிலிருந்து எல்ஸி கூப்பிட்டாள். "கையக் கழுவிட்டுப் போ. ஒட்டியிருக்கிறதும் எங்க மண்ணுதான்."

கலாதேவி அவள் முகத்தைப் பார்த்தாள். கேலியா, உண்மையா என்று அங்கே தேடினாள். எல்ஸியின் முகத்தில் எந்தத் தராசு முள்ளும் அசையவில்லை. கலாதேவி தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, வாளித் தண்ணீரைச் சாய்த்து, பாத்தியோரத்திலேயே நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள்.